சேவை மனம் உள்ளவர்களை அழைப்பதும் தக்கவைப்பதும்: உள்ளாட்சி ஆள்சேர்ப்பில் ஒரு நிகழ்வு ஆய்வு

உள்ளாட்சி வேலைக்கு அறிவிப்பு எழுத உட்காருபவர் கை முதலில் போகும் வரி ஒன்று உண்டு: "மக்களுக்குச் சேவை செய்ய விருப்பமா?" சம்பளத்தில் தனியாரோடு மல்லுக்கட்ட முடியாது, நம்மிடம் இருக்கும் ஒரே சரக்கு சேவைதான், அதையே முன்னால் வைப்போம் என்பது கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்திலுள்ள சட்டனூகா நகரம் இந்தக் கணக்கைக் களத்தில் இறக்கிப் பார்த்தது. கணக்கு தப்பியது.

அங்கே தொடங்கி, விண்ணப்பித்தவர் வேலைக்கு வந்து சேர்வதற்குள் எங்கே கழன்றுகொள்கிறார் (லாஸ் ஏஞ்சலஸ்), சேர்ந்தவர் ஏன் விட்டுப் போகிறார் (ஒன்பது நகரங்களின் அவசர அழைப்பு மையங்கள்) என்று மூன்று களச்சோதனைகளை இந்த ஆய்வு ஒரே சங்கிலியாக எடுத்துக்கொள்கிறது. மூன்றும் உள்ளாட்சிப் பணிகளில் நடந்தவை. மூன்றிலும் எலிசபெத் லினோஸ் என்ற ஆய்வாளரின் பங்கு உண்டு. சம்பளக் கேள்விக்கு மட்டும் மெக்சிகோ, ஜாம்பியா, உகாண்டா பக்கம் போய் வர வேண்டியிருக்கிறது.

அஞ்சலட்டையில் என்ன எழுதினார்கள்

அமெரிக்காவில் காவல்துறை பெரும்பாலும் நகர நிர்வாகத்தின் கீழுள்ள ஒரு துறை. சாலை, குப்பை போலவே அதற்கும் ஆள் எடுப்பது நகரத்தின் பாடு. சட்டனூகாவுக்குத் தேவை இரண்டு: விண்ணப்பங்கள் கூட வேண்டும், விண்ணப்பிப்பவர்களில் பெண்களும் வெள்ளையர் அல்லாதவர்களும் கூட வேண்டும். இதற்காக நகரவாசிகளுக்கு அஞ்சலட்டை அனுப்பினார்கள். எல்லோருக்கும் ஒரே அட்டை போகவில்லை. யாருக்கு எந்த வாசகம் என்பது குலுக்கல் போலத் தற்செயலாக ஒதுக்கப்பட்டது. ஒரு வகை அட்டை சேவையைப் பேசியது. இன்னொன்று, இந்த வேலை ஒரு சவால், அதற்கு நீங்கள் தயாரா என்று கேட்டது. வேறொன்று நீண்டகால வேலையையும் அதில் கிடைக்கும் முன்னேற்றத்தையும் சொன்னது. இவற்றோடு ஒப்பிட ஒரு குழுவும் இருந்தது.

2018-இல் வெளியான முடிவு இது. சேவையை முன்வைத்த வாசகம், எப்படியும் விண்ணப்பித்திருக்கக்கூடியவர்களைத் தாண்டிப் புதிதாக யாரையும் கொண்டுவரவில்லை. சவாலையும் முன்னேற்றத்தையும் பேசிய அட்டைகள், ஒப்பீட்டுக் குழுவைவிட 3 மடங்கு பேரை விண்ணப்பிக்க வைத்தன. கூடுதலாக வந்தவர்களால் விண்ணப்பதாரர்களின் தரம் குறைந்ததாகத் தெரியவில்லை. இந்த இரண்டு வாசகங்களும் பெண்களிடமும் வெள்ளையர் அல்லாதவர்களிடமும் இன்னும் நன்றாக எடுபட்டன. நகரம் தேடியதும் அவர்களைத்தான்.

இதைப் படித்துவிட்டு, "சேவையாவது ஒன்றாவது, எல்லோருக்கும் சொந்த லாபம்தான்" என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. சோதனை அப்படிச் சொல்லவில்லை. பொதுச்சேவை ஊக்கம் என்ற கருத்தை ஜேம்ஸ் பெரியும் லோயிஸ் வைஸும் 1990-இல் முன்வைத்தார்கள். 1996-இல் பெரி அதை அளக்க 24 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றைத் தந்தார். பொதுக்கொள்கையில் ஈர்ப்பு, பொதுநலக் கடமை, இரக்கம், தன்னலத் துறப்பு என்று நான்கு கூறுகள் அதில் உண்டு. அந்த ஊக்கம் இருப்பது உண்மை. ஆனால் அது ஏற்கெனவே இருக்கும் ஒருவருக்கு, காவல் பணியோ நகராட்சிப் பணியோ சேவைதான் என்பது புதுச் செய்தி இல்லை. அட்டை வராவிட்டாலும் அவர் வந்திருப்பார். வராமல் நிற்பவரின் தயக்கம் வேறு: என்னைப் போன்ற ஆளுக்கு அங்கே இடம் உண்டா, இருபது ஆண்டு ஒரே நாற்காலியில் தேய்ந்துபோவேனா, என் திறமைக்கு வேலை இருக்குமா? இந்தக் கேள்விகளுக்கு "சேவை" என்ற சொல்லில் பதில் இல்லை. சிலர் காதில் அது "சம்பளம் குறைவு, நேரம் காலம் கிடையாது" என்பதன் மங்கல வழக்காகவே விழும்.

ஒரு அறிவிப்பைத் திருத்திப் பார்ப்போம்

குடிநீர்க் குழாய்ப் பராமரிப்பு மேற்பார்வையாளர் பணி என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான அறிவிப்பு இப்படித் தொடங்கும்:

"அர்ப்பணிப்பு மனப்பான்மையுடன் பொதுமக்களுக்குச் சேவையாற்ற விரும்பும் தகுதி வாய்ந்த நபர்களிடமிருந்து விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகின்றன."

திருத்தினால்:

"நள்ளிரவில் ஒரு பிரதான குழாய் உடைகிறது. எந்த வால்வை அடைத்தால் மருத்துவமனைக்குத் தண்ணீர் நிற்காமல் உடைப்பைச் சரிசெய்யலாம் என்று அரை மணி நேரத்தில் முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள். 6 பேர் கொண்ட குழு உங்கள் பொறுப்பில். மாதத்தில் 5 இரவுகள் அழைப்புக்குத் தயாராக இருக்க வேண்டும். முதல் ஆண்டில் கசிவு கண்டறியும் கருவிகளில் பயிற்சி. நான்காம் ஆண்டில் அடுத்த நிலைப் பதவித் தேர்வு எழுதும் தகுதி."

இரண்டாவதில் சேவை என்ற சொல் ஒருமுறைகூட இல்லை. மருத்துவமனையின் தண்ணீர் இருக்கிறது. சவால் தெரிகிறது, ஏணிப்படி தெரிகிறது, 5 இரவு என்ற கசப்பும் மறைக்கப்படவில்லை. கசப்பை எழுதினால் ஆள் ஓடிவிடுவார் என்று பயப்படுவார்கள். ஓடட்டும். முதல் மாத இரவுப் பணியில் ஓடுவதைவிட அறிவிப்பைப் படித்துவிட்டு ஓடுவது எல்லோருக்கும் மலிவு.

ஒரு எச்சரிக்கை. நான்காம் ஆண்டில் பதவித் தேர்வு என்று எழுதினால் அது பணி விதிகளில் இருக்க வேண்டும். விதியில் இல்லாத முன்னேற்றத்தை அறிவிப்பில் காட்டி ஆள் எடுத்தால், சரியாக நான்காம் ஆண்டில், வேலையை முழுக்கக் கற்றுத் தேர்ந்த கையோடு அவர் போவார். அறிவிப்பு அச்சுக்குப் போகும் முன் பணியமைப்புப் பிரிவில் ஒருவர் ஒவ்வொரு வாக்குறுதிக்கும் எதிரே விதி எண்ணைக் குறித்துக் கையெழுத்திட வேண்டும். எண் கிடைக்காத வரியை அடித்துவிட வேண்டும்.

சம்பளம் கூட்டினால் நல்ல மனம் குறையுமா

சேவை மனம் பற்றிய பேச்சு வந்தாலே, அதிகச் சம்பளம் தவறான ஆட்களை இழுக்கும் என்ற அச்சமும் கூடவே வரும். 2011-இல் மெக்சிகோ அரசு வறிய நகராட்சிகளுக்கான வட்டார வளர்ச்சித் திட்டத்துக்கு ஆள் எடுத்தபோது, சில ஆள்சேர்ப்பு மையங்களில் மாதம் 5,000 பெசோ என்றும் மற்றவற்றில் 3,750 பெசோ என்றும் தற்செயலாக ஒதுக்கி அறிவித்தார்கள். கூடுதல் சம்பளம் சொன்ன இடங்களுக்கு அறிவுத்திறன் கூடியவர்கள் வந்தார்கள். பொதுச்சேவை ஊக்கத்தில் அவர்கள் குறைந்தவர்களாக இல்லை. எர்னெஸ்டோ தல் போ, ஃபிரெடெரிகோ ஃபினான், மார்ட்டின் ரோசி மூவரும் இதை 2013-இல் வெளியிட்டார்கள்.

ஜாம்பியாவின் கதை இன்னும் நுட்பமானது. கிராமச் சுகாதாரப் பணிக்கு ஒரு புதிய பதவி உருவாக்கி நாடு முழுக்க ஆள் எடுத்தார்கள். சில மாவட்டங்களில் அறிவிப்பு சமூக சேவையை முன்வைத்தது. மற்றவற்றில் அரசுப் பணியில் மேலேறும் வாய்ப்பை. மேலேறும் வாய்ப்பைக் காட்டிய இடங்களில், விண்ணப்பித்தவர்கள் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் பிறர்நல நாட்டம் சற்றுக் குறைந்ததுதான். ஆனால் அந்தக் குறைவு திறமை குறைந்தவர்களிடையே மட்டும் காணப்பட்டது. திறமை கூடியவர்களிடம் நாட்டம் குறையவில்லை, தேர்வானவர்களும் அவர்களே. அவர்கள் வேலை செய்த பகுதிகளில் குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாடு 25% குறைந்தது. தேர்வு முறை ஒழுங்காக இருந்தால், வாசலை அகலத் திறப்பதில் ஆபத்து இல்லை என்பதே இதன் பொருள். தேர்வு முறை சொதப்பலாக இருக்கும் அமைப்புக்கு இந்த ஆறுதல் பொருந்தாது.

மறுதரப்பும் உண்டு. உகாண்டாவில் கிராம அளவிலான சுகாதாரப் பணிக்கு ஆள் எடுத்தபோது எரிகா தெசெர்ரானோ செய்த சோதனையில், அதிக வருமானம் கிடைக்கும் என்று அறிவித்தது விண்ணப்பங்களைக் கூட்டியது. காலியிடமும் எளிதில் நிரம்பியது. ஆனால் பிறர்நல நாட்டம் மிக்கவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அந்தப் பதவி அங்கே புதிது. அது என்ன வேலை என்று ஊருக்குத் தெரியாது. அறிவித்த தொகையை வைத்தே மக்கள் அதை எடைபோட்டார்கள்: இது வியாபார வேலை போலிருக்கிறது என்று. ஆகவே ஊருக்கு நன்கு தெரிந்த பதவிக்குச் சம்பளத்தை முன்னால் போடுவதில் தயக்கம் வேண்டாம். புதிதாக உருவாக்கும் பதவிக்கு, தொகைக்கு முன்னால் வேலையின் அன்றாடத்தை நான்கு வரி எழுதிவிட வேண்டும்.

விண்ணப்பத்துக்கும் நியமன ஆணைக்கும் நடுவில்

ஆள் வரவில்லை என்று புலம்பும் பல அமைப்புகளில் ஆள் வந்திருப்பார், காத்திருந்து போயிருப்பார். லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையின் 4 ஆண்டுப் பதிவுகளையும் ஒரு களச்சோதனையையும் வைத்து லினோஸும் நெஃபாரா ரீஷும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பிட்டுப்பிட்டு வைக்கிறது. நடைமுறையை எளிமையாக்கி, எல்லோருக்கும் ஒரே ஒழுங்கில் தந்தபோது, விண்ணப்பதாரர்கள் கூடுதல் தேர்வுக் கட்டங்களை முடித்தார்கள். நியமனம் பெறும் வாய்ப்பும் கூடியது. பிற்பாடு, சுமை குறைவாகத் தோன்றும்படி செய்த மாற்றம் கேட்டதைச் செய்து முடித்தவர்களை 8% கூட்டியது. இரண்டே வாரத்துக்குள் முடித்தவர்கள் என்று பார்த்தால் உயர்வு 60%.

அதே ஆய்வில் ஒரு முள்ளும் இருக்கிறது. மேற்கோள் காட்டுபவர்கள் பலர் அதை விட்டுவிடுவார்கள். தகுதி உண்டா இல்லையா என்று விண்ணப்பதாரர் தானே உணர உதவிய படிகளையும் சேர்த்து நீக்கியபோது, தகுதியில்லாதவர்கள் நீண்ட நாள் வரிசையிலேயே நின்றார்கள். துறைக்கு வேலை கூடியது. எல்லாப் படியும் வெட்டிவிட வேண்டிய படி அல்ல. ஒவ்வொரு படியிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது எங்களுக்கோ விண்ணப்பதாரருக்கோ ஏதாவது புதிதாகச் சொல்கிறதா? சாதிச் சான்று, கல்விச் சான்று, அனுபவச் சான்று எதுவானாலும் விண்ணப்பத்தோடு ஒருமுறை, சரிபார்ப்பில் ஒருமுறை, சேரும்போது ஒருமுறை என்று மூன்று தடவை கேட்டால் இரண்டு தடவை எதையும் புதிதாகச் சொல்வதில்லை. வயது, குறைந்தபட்சத் தகுதி, உடல்தகுதி வரம்பு ஆகியவற்றை முதல் பக்கத்திலேயே "ஆம், இல்லை" கேள்விகளாக வைத்தால் அது சொல்கிறது.

வேலை இங்கே கணக்குப்பிள்ளைத்தனமாக இருக்க வேண்டும். கடைசியாக முடிந்த 3 ஆள்சேர்ப்புகளை எடுத்து, ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் விண்ணப்பித்த நாள், முதல் தகவல் போன நாள், எழுத்துத் தேர்வு, நேர்காணல், சான்று சரிபார்ப்பு, ஆணை, பணியில் சேர்ந்த நாள் என ஏழு தேதிகளை ஒரு விரிதாளில் ஏற்றுங்கள். இரண்டு தேதிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியின் இடைநிலை மதிப்பை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணை) எடுங்கள். சராசரி வேண்டாம், வழக்கில் சிக்கிய ஒரு கோப்பே சராசரியைக் குலைத்துவிடும். பிறகு அந்தந்த இடைவெளியில் எத்தனை பேர் உதிர்ந்தார்கள் என்று எண்ணுங்கள். பொதுவாகச் சிக்கல் தேர்வில் இராது; நேர்காணல் முடிந்து ஆணை கையெழுத்தாகும் வரையுள்ள மௌனத்தில் இருக்கும். கோப்பு நகரும் வேகத்தை உடனே மாற்ற முடியாமல் போகலாம். ஆனால் 10 நாளுக்கு ஒருமுறை "உங்கள் கோப்பு இந்த நிலையில் உள்ளது, அடுத்த தகவல் இந்தத் தேதிக்குள்" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்ப யாருடைய ஒப்புதலும் பெரிதாகத் தேவைப்படாது. சொன்ன தேதியில் சொல்ல ஒன்றுமில்லை என்றாலும், ஒன்றுமில்லை என்றாவது செய்தி போக வேண்டும்.

நேர்காணலில் சேவை மனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது

"ஏன் இந்த வேலைக்கு வர விரும்புகிறீர்கள்?" என்று கேட்காதீர்கள். அதற்கான விடை பயிற்சி மையங்களில் மனப்பாடமாகக் கிடைக்கிறது. பெரியின் அளவுகோலைத் தேர்வுத்தாளாக்குவதும் அப்படியே. எந்த விடைக்கு மதிப்பெண் என்று பள்ளி மாணவருக்கும் தெரியும். அது ஆய்வுக்கான கருவி. ஆளை வடிகட்ட உதவாது.

நேர்காணலைக் கட்டமைத்து நடத்தினால் பலன் உண்டு. பால் சாக்கெட் குழு 2022-இல் பழைய ஆய்வுகளை மறுகணக்கிட்டபோது, பணித்திறனைக் கணிப்பதில் கட்டமைத்த நேர்காணலின் ஒட்டுறவு எண் (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.42 என்றும், மனம்போன போக்கில் நடத்தும் நேர்காணலுடையது 0.19 என்றும் வந்தது. இத்தனை ஆண்டு அனுபவம் என்ற தகுதிக்கு 0.07 மட்டுமே. அனுபவ ஆண்டுக்கு மதிப்பெண் அள்ளித் தரும் அறிவிக்கைகளை எழுதுபவர்கள் இந்தக் கடைசி எண்ணை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்.

கட்டமைப்பது என்றால் எல்லோருக்கும் அதே கேள்வி, அதே வரிசை, முன்பே எழுதிய மதிப்பெண் அளவு. ஒரு மாதிரி:

"விதிப்படி நடந்தால் எதிரில் நிற்பவருக்கு நியாயம் கிடைக்காது என்ற நிலை உங்களுக்குக் கடைசியாக எப்போது வந்தது? என்ன செய்தீர்கள்? யாரிடம் சொன்னீர்கள்? பிறகு என்ன ஆயிற்று?"

விதியைக் காட்டி அனுப்பிவிட்டேன், அல்லது விதியை மீறி முடித்துக்கொடுத்தேன் என்றால் 1. விதிக்குள் வேறு வழி தேடி அந்த ஒருவருக்கு உதவினேன் என்றால் 3. அவருக்கு உதவியதோடு, அடுத்து வருபவருக்கும் அதே சிக்கல் வராதபடி மேலே எழுதினேன், அல்லது நடைமுறையை மாற்ற முயன்றேன் என்றால் 5. இரண்டாவது விடையும் நல்ல மனம்தான். மூன்றாவதில் நல்ல மனத்தோடு அமைப்புக்குள் வேலை செய்யும் பொறுமையும் இருக்கிறது. உள்ளாட்சியில் நிலைப்பவர் அந்த மூன்றாமவர். வேலை அனுபவமே இல்லாத இளைஞருக்கும் இது பொருந்தும்: கல்லூரி விடுதி, நூலகம், விளையாட்டுக் குழு எல்லாவற்றிலும் விதி உண்டு.

குழுவிலுள்ள மூவரும் தனித்தனியே மதிப்பெண் எழுதி முடித்த பிறகுதான் பேச வேண்டும். முதலில் பேசுபவர் பெரும்பாலும் பதவியில் மூத்தவர். அவர் வாய் திறந்ததும் மற்ற இரண்டு பேனாக்களும் அவர் பக்கம் சாயும்.

சேர்ந்த முதல் ஆண்டு

டென்மார்க்கில் இயன்முறை மருத்துவ மாணவர்களைப் படிக்கும்போதும் முதல் வேலையில் சேர்ந்த பின்னரும் பின்தொடர்ந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, வேலையில் நுழைந்ததும் பொதுச்சேவை ஊக்கம் இறங்குவதைக் காட்டியது. பொதுத்துறையில் சேர்ந்தவர்களுக்கு இறக்கம் குறைவு, அவ்வளவே. ஆக, நல்ல மனத்தோடு வந்தவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், இனி அது பார்த்துக்கொள்ளும் என்பது நடக்காது. அந்த மனம் செலவாகும் பொருள்.

அது எதில் செலவாகிறது? பெரும்பாலும், செய்த வேலையின் முடிவு கண்ணில் படாததில். பிறப்புச் சான்றிதழ்ப் பிரிவில் தரவு ஏற்றுபவர் நாள் முழுக்கப் பெயர்களைத் தட்டச்சு செய்கிறார். அவருக்கு எதிரே வருவது பிழை இருந்தால் சண்டைக்கு வருபவர் மட்டுமே. பிழையில்லாத நூறு சான்றிதழ்கள் பள்ளியில் சேர்ந்த நூறு குழந்தைகளாக அவருக்குத் தெரிவதில்லை. ஆடம் கிராண்ட் குழுவினர் 2007-இல் வெளியிட்ட சோதனையில், பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை கேட்டுத் தொலைபேசியில் பேசும் ஊழியர்கள், அந்தப் பணத்தில் உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரைச் சில நிமிடங்கள் சந்தித்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், தொலைபேசியில் செலவிட்ட நேரம் 142% கூடியிருந்தது. திரட்டிய பணம் 171%. சிறிய குழுவில் நடந்தது. அதே எண் எங்கும் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் செய்யச் செலவே இல்லாத காரியம் இது. மாதம் ஒருமுறை, பிரிவுக் கூட்டத்தின் முதல் 10 நிமிடம், அந்தப் பிரிவின் வேலையால் பயன்பெற்ற ஒருவர் வந்து பேசட்டும். அதிகாரி அவர் சார்பில் பேசக் கூடாது. பாராட்டு விழாவாகவும் ஆக்கக் கூடாது. பொன்னாடை வந்த நாளில் இது செத்துப்போகும்.

சேர்ந்த 30, 90, 180-ஆம் நாள்களில் மேலதிகாரி 20 நிமிடம் ஒதுக்கி மூன்று கேள்வி கேட்க வேண்டும்: நேர்காணலில் சொன்னதும் இங்கே நடப்பதும் எங்கே வேறுபடுகிறது? கடந்த வாரம் எந்த வேலை வீண் என்று தோன்றியது? நாளைக்கே வேறு வேலை கிடைத்தால் எதற்காகப் போவீர்கள்? விலகல் கடிதம் கொடுத்தவரிடம் இவற்றைக் கேட்பது வழக்கம். அப்போது அவர் நாகரிகம் கருதி "குடும்பச் சூழ்நிலை" என்றுதான் எழுதுவார்.

சேவை மனம் கூடியவர்தான் சீக்கிரம் சோர்கிறார் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். மனிதர்களின் வாழ்க்கையையே மாற்ற வேண்டிய பணிகளில், தன் வேலையால் பெரிய பலன் உண்டு என்று தெரிந்தவர்களிடம் இந்த ஊக்கம் அதிகப் பணிச்சோர்வோடு சேர்ந்து போவதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2015-இல் காட்டினார்கள். அவர்கள் தங்களையே கரைத்துக்கொள்கிறார்கள். விடுமுறை எடுக்காதவரை மேடையேற்றிப் புகழும் அமைப்பு, இந்தக் கரைசலைத்தான் வேகப்படுத்துகிறது.

ஒன்பது நகரங்கள், ஆறு வாரங்கள்

அமெரிக்காவில் 911 என்ற அவசர எண்ணில் அழைப்பை எடுப்பவர்களின் வேலையைச் சொல்லத் தேவையில்லை. ஒருவர் மூச்சு நிற்பதைக் காதில் கேட்டுவிட்டு, அடுத்த நிமிடம் அடுத்த அழைப்பு. முந்தையவர் பிழைத்தாரா என்பது பெரும்பாலும் தெரியவராது. லினோஸ், கிறிஸ்டா ரஃபினி, ஸ்டெஃபனி வில்காக்ஸன் மூவரும் இந்த ஊழியர்கள் 536 பேரோடு ஒரு சோதனை செய்தார்கள். 6 வாரம். வேறு நகரங்களில் இதே வேலை செய்பவர்களோடு, பெயர் சொல்லாமல், தனக்கு வசதியான நேரத்தில் அறிவுரை பகிரும்படி தூண்டினார்கள். வேறெதுவும் மாறவில்லை: சம்பளம் அதே, பணிமுறை நேரம் அதே, நாற்காலிகூட அதே.

முடிந்து 4 மாதம் கழித்துப் பார்த்தபோது பணிச்சோர்வு 8 புள்ளி இறங்கியிருந்தது. விலகல் பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. சதவீதப் புள்ளியில் 3.4. நடுத்தர நகரம் ஒன்றுக்கு இதனால் குறைந்தது 4,00,000 டாலர் மிச்சம் என்று கணக்கிட்டார்கள். 2022-இல் வெளியான முடிவு.

எண்ணை அப்படியே விழுங்கும் முன் ஒரு சிறு கணக்கு. 3.4 என்பது பாதிக்கும் மேல் என்றால், ஒப்பீட்டுக் குழுவில் விலகியவர்கள் 7 சதவீதத்துக்கும் குறைவு. 536 பேரில் அப்படியானால் மொத்த விலகல் நாற்பதைத் தாண்டாது. சிலருடைய முடிவு மாறினாலே சதவீதம் ஆடும் அளவு அது. திசையை நம்பலாம், "பாதி" என்ற சொல்லை நிதிநிலை அறிக்கையில் எழுதிவிடக் கூடாது.

இதைப் பின்பற்ற நினைப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, வாட்ஸ்அப் குழு தொடங்குவது. அதில் பெயர் தெரியும்; மேலதிகாரி இருப்பார்; காலை வணக்கப் படங்கள் வரும்; ஓய்வு நேரத்திலும் கைபேசி துடிக்கும். சோதனையின் ஒவ்வொரு உறுப்புக்கும் காரணம் இருந்தது. வேறு நகரத்தவர் என்பதால் பதவிப் போட்டி இல்லை. பெயர் இல்லாததால் பலவீனத்தைச் சொல்லலாம். உடனே பதில் தர வேண்டியதில்லை என்பதால் சுமை இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், கேட்டது குறையை அல்ல, அறிவுரையை. குறை கேட்டால் ஊழியர் மனுதாரர் ஆகிறார். "புதிதாகச் சேர்ந்தவருக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டால் அவர் ஆசான் ஆகிறார். தனியாக இல்லை என்ற உணர்வு அங்கிருந்துதான் வருகிறது. துப்புரவு மேற்பார்வையாளர்கள், வரி வசூலிப்பவர்கள், மருத்துவச் செவிலியர்கள் என்று யாருக்கும் இதே அமைப்பைப் பொருத்தலாம்: வாரம் ஒரு கேள்வி, அண்டை நகராட்சி ஒன்றிரண்டு, பணி நேரத்துக்குள் 10 நிமிடம். அந்த 10 நிமிடத்தைப் பணி நேரத்தில் தராவிட்டால் தொடங்கவே வேண்டாம்.

சொந்தமாகச் சோதிக்க நினைப்பவர்களுக்கு

சட்டனூகா முடிவு எல்லா ஊருக்கும் பொருந்தும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. சோதிப்பது கடினமும் இல்லை. ஆனால் ஆள் கணக்கு சரியாக இருக்க வேண்டும். அறிவிப்பு கண்டவர்களில் நூற்றுக்கு ஒருவர் விண்ணப்பிப்பார் என்று வைத்துக்கொண்டால், அதை இரண்டாக்கும் வாசகத்தைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு வாசகத்துக்கும் ஏறக்குறைய 2,300 பேர் வேண்டும் (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகக் கொள்ளும் வாய்ப்பு 5%, இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 80%). மூன்றாக்கும் வாசகம் என்றால் 770 போதும். 200 பேருக்கு அனுப்பிவிட்டு "வித்தியாசம் இல்லை" என்று கோப்பை மூடுவதுதான் அதிகம் நடக்கிறது. அங்கே வித்தியாசம் இல்லை என்று தெரியவரவில்லை. தெரியவர வழியே இல்லை.

வாசகத்தை வார்டு வாரியாகப் பிரித்தால், வார்டுகளுக்கு இடையேயுள்ள வேறுபாடு வாசகத்தின் தலையில் ஏறிவிடும். பட்டியலை விரிதாளில் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் தற்செயல் எண் தந்து, அந்த எண்ணின் வரிசையில் பிரிப்பதே முறை. ஒரே வீட்டுக்கு இரண்டு வாசகம் போகாதபடி வீட்டை ஓர் அலகாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு வாசகத்துக்கும் தனிக் குறியீடு. விண்ணப்பப் படிவத்தில் அதை எழுத ஒரு கட்டம். அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கினால் குறியீடு தொலைத்தவர் விண்ணப்பிக்கவே மாட்டார். அனுப்பிய பட்டியலோடு முகவரியை ஒப்பிட்டு அலுவலகமே நிரப்பிக்கொள்வது மேல்.

சட்டனூகா அளந்தது விண்ணப்பத்தை. ஒன்பது நகரங்கள் அளந்தது விலகலை. சவாலைக் கண்டு வந்தவர், சேவைக்காக வந்தவரைவிடக் கூடுதல் நாள் நிலைக்கிறாரா என்பதை இவை இரண்டையும் வைத்துச் சொல்ல முடியாது. அதைச் சொல்ல வைக்கும் தரவு ஒவ்வொரு உள்ளாட்சியின் கையிலும் உருவாகக்கூடியது. எந்த வாசகம் கண்டு வந்தார் என்ற குறியீடு, நேர்காணல் மதிப்பெண், 30, 90, 180-ஆம் நாள் குறிப்புகள் ஆகியவை ஆள்சேர்ப்புக் கோப்போடு அலமாரிக்குப் போய்விடாமல், பணிப்பதிவேட்டு எண்ணோடு இணைந்து குறைந்தது 24 மாதம் தொடர வேண்டும். நடைமுறையில் அது அறுபடும் இடம், ஆள்சேர்ப்புப் பிரிவு கோப்பை முடித்துப் பணியமைப்புப் பிரிவுக்கு அனுப்பும் நாள். விண்ணப்ப எண்ணை எழுத ஒரு கட்டம் பணிப்பதிவேட்டில் இல்லாததால், அந்த ஒப்படைப்பிலேயே இரண்டு எண்களுக்கும் உள்ள தொடர்பு போய்விடுகிறது. முதலில் அந்தக் கட்டத்தைச் சேர்க்க வேண்டும்; வாசகச் சோதனை அதற்குப் பிறகு.